பிள்ளையாருக்கு நின்ற சீனிக் கோச்சி

"தங்கச்சி, குறை நினையாதேங்கோ. உங்கட கிணத்தைக் கொண்டு போகப்போறவர் மில் தவராசா இல்லை. இந்தப் பிள்ளையார்தான்!"

துப்பறிவாளர் சிற்றம்பலம் பிடித்த குடையை மடக்காமலே, பாலை மரத்தடியில் இருந்த முழங்கால் உயரக் கல்லுப் பிள்ளையாரைக் காட்டி இப்படிச் சொன்னார். இராசேஸ்வரி பதறிப்போய்க் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். அவருடைய உதவியாளன் றவூப், முல்லைத்தீவு–பரந்தன் பஸ்ஸில் ஏழு வருடம் கொண்டக்டராக இருந்தவன். அந்த வாய் சும்மா இருக்குமா?

"அப்ப நாலு மணிக்கு விசாரணைக்கு வாற காணி அதிகாரி, பிள்ளையாரைத்தான் கூண்டிலை ஏத்தப்போறாரோ, அண்ணை?"

பகிடி விட்டானே தவிர, நாலு மணி என்றதும் அவன் மனசுக்குள் நேரத்தை எண்ணத் தொடங்கிவிட்டான். அப்போதே காலை ஒன்பதரை ஆகிவிட்டது. கையில் ஒரு சாட்சி இல்லை, ஒரு கடதாசி இல்லை. கிளிநொச்சியில் தையல் கடைக்கு மேலே அலுவலகம் வைத்திருக்கும் இந்தத் துப்பறியும் கூட்டணியை நம்பி ஒரு பெண் நிற்கிறாள். அவள் முகத்தைப் பார்க்க அவனுக்கு என்னவோ போலிருந்தது.

ஏழு வருடத்துக்கு முன், ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தைந்தில், குடியேற்றத் திட்டத்தில் காணி கிடைத்து யாழ்ப்பாணத்திலிருந்து மில்லடிக்கு வந்தவள் இராசேஸ்வரி. முரசுமோட்டை தாண்டி, கடல்நீரேரிக்குப் பக்கத்தில் கிடக்கும் ஊர் இது. எங்கே தோண்டினாலும் உவர்த் தண்ணீர். அவளும் புருஷன் வீரகத்தியும் பதினொரு இடத்தில் வெட்டி, பதினொரு முறையும் காறித் துப்பிவிட்டு, பன்னிரண்டாவது குழியில்தான் நல்ல தண்ணீரைக் கண்டார்கள். இன்றைக்கு மில்லடியில் முப்பது குடும்பம் அந்தக் கிணற்றில்தான் குடம் வைக்கிறது. பக்கத்துக் காணிக்காரரான தவராசாவுக்கோ தன் மில்லில் நெல் அவிக்க நல்ல தண்ணீர் வேண்டும். கிணறு தன் காணிக்குள் வருகிறது என்று அவர் பெட்டிசம் எழுதிவிட்டார். கையில் வந்த மறுநாளே முள்ளுக்கம்பி அடிப்பேன் என்று சந்தையில் சொல்லியும் திரிந்தார்.

இரண்டு பேருடைய காணிப் பத்திரத்திலும் ஒரே எல்லைதான் எழுதியிருந்தது. இராசேஸ்வரிக்கு மேற்கு எல்லை 'பழைய சீனிக் கோச்சிப் பாதை', அதாவது சீனி ஆலைப் புகைவண்டி ஓடிய பாதை. தவராசாவுக்குக் கிழக்கு எல்லையும் அதே சீனிக் கோச்சிப் பாதை. எல்லாம் சரி. பாதையைத்தான் காணவில்லை.

"அண்ணை, கொப்பியைத் திறந்து அந்தக் கோச்சிக் கதையை இன்னொருக்காச் சொல்லுங்கோ. சாமான் துலைஞ்சா, கடைசியா வைச்ச இடத்திலையிருந்து தேடுறதுதானே முறை" என்றான் றவூப்.

சிற்றம்பலம் கொப்பியைத் திறந்தார். இருபது வருடம் றெயில்வேயில் பொதிகளுக்குப் பொறுப்பாக இருந்தவர் அவர். தொலைந்த பொதியைத் தேடி வருகிறவனின் முகத்தைப் பார்த்தே, பொதிக்குள் இருந்தது பட்டா பழஞ்சீலையா என்று சொல்லிவிடுவார். கோச்சி என்றால் அவருக்குத் தனி உருக்கம்.

ஹார்டிங் துரை என்றொரு வெள்ளைக்காரன் ஆயிரத்து எண்ணூற்று எண்பத்தெட்டில் இங்கே கரும்பு நட்டுச் சீனி ஆலை கட்டினான். ஆலையிலிருந்து வடக்கே ஏரித்துறை வரை மூன்று மைலுக்குச் சின்னத் தண்டவாளம் போட்டான். எஞ்சின் துண்டு துண்டாக வள்ளத்தில் வந்து இறங்கியது. அதைப் பூட்டி முடித்தபோது இரண்டு துண்டு மிஞ்சிப் போயிற்றாம். ஆனாலும் எஞ்சின் ஓடியது. காலையில் கரும்போடும் மாலையில் சீனிச் சாக்கோடும் அது ஊதிக்கொண்டு போவதைப் பார்க்க, பத்து மைலுக்கு அப்பாலிருந்து சனம் சோறு கட்டிக்கொண்டு வந்ததாம்.

எஞ்சின் ஓட்டியவன் ஐயாத்துரை என்ற வன்னியான். காட்டுக்குள் போகிறவன் மரத்தில் ஒரு இலைக்குழை முறித்துப் பிள்ளையாருக்கு வைத்துவிட்டுத்தான் போவான், அது வன்னி வழக்கம். எஞ்சின் மட்டும் காட்டுக்குள் சும்மா போகலாமா? ஐயாத்துரையும் கூலிகளும் பாலை மரத்தடியில், தண்டவாளத்துக்குக் குறுக்கே போடும் ஒரு சிலிப்பர் கட்டைக்கு மேலே ஒரு கல்லுப் பிள்ளையாரை வைத்தார்கள். தினமும் வண்டியை அங்கே நிறுத்திக் குழை வைத்தார்கள். நின்ற நேரத்தில் எஞ்சின் அடுப்புச் சாம்பலையும் தண்டவாளத்தடியிலேயே கிண்டிக் கொட்டினார்கள். துரைக்கு இது பிடிக்கவில்லை. ஒரு நாள், நிறுத்தக்கூடாது என்று கட்டளை போட்டான். மறுநாளே ஒரு தனியன் யானை தண்டவாளத்தில் வந்து நாலு மணி நேரம் அசையாமல் நின்றது. அதற்கடுத்த நாள் துரையே இறங்கிக் குழை முறித்தான்.

"நல்ல மனிசன்" என்றாள் இராசேஸ்வரி.

"நல்ல மனிசன்தான். ஆனா ஆனைக்குக் குழை காணாது, தங்கச்சி. அது கரும்பை ஒரு கை பாத்திட்டுது. ஒன்பது வருசத்திலை ஆலைக்குப் பூட்டு. தண்டவாளத்தை யுத்த காலத்திலை இரும்புக்குக் கழட்டிக்கொண்டு போட்டாங்கள். காணி பிரிச்சவை பழைய வரைபடத்தைப் பாத்து எல்லை எழுதிச்சினம். வரைபடத்தைக் கறையான் திண்டிட்டுது. மிச்சம் துரையின்ரை நாட்குறிப்பிலை இந்த நாலு வரிதான்."

அவர் கண்ணாடியை மூக்கில் தள்ளிக்கொண்டு வாசித்தார். "'வண்டி தினமும் பாலை மரத்தடிப் பிள்ளையாருக்கு நிற்கிறது. தண்டவாளத்துக்கும் சிலைக்கும் ஆறடி தூரம். வைத்தவர்கள் என் கூலிகளே. பூசாரி இல்லை, பூசையும் இல்லை.'"

இந்த நாலு வரியேதான் இப்போது கழுத்தை அறுத்தது. பிள்ளையார் இருக்கக்கூடிய அளவுக்கு மில்லடியில் இரண்டு பெரிய பாலை மரங்கள் நின்றன. ஒன்று கிணற்றுக்கு மேற்கே, தவராசா இந்த வருடம் காடு வெட்டிய வெளியில். மற்றது கிணற்றுக்குக் கிழக்கே, இராசேஸ்வரி இன்னும் வெட்டாத பற்றைக்குள். இரண்டு மாதத்துக்கு முன் எருமை தேடிப் போன தவராசாவின் வேலையாள், கிழக்கு மரத்தடியில் பிள்ளையாரைக் 'கண்டுபிடித்தான்'. அப்படியானால் கோச்சி கிழக்கே ஓடியது. அப்படியானால் கிணறு தவராசா பக்கம். பிள்ளையார் வெளிப்பட்டார் என்று கேள்விப்பட்டதும் முதலில் ஓடிப்போய் விளக்கு வைத்தவள் இராசேஸ்வரி. வெள்ளிக்கு வெள்ளி இன்றுவரை வைக்கிறாள்.

"எதிரிச் சாட்சிக்கு எண்ணெய் ஊத்துற கட்சிக்காரி நீங்கதான், அக்கா" என்றான் றவூப். "பேசாமல் இவரைத் தூக்கி மற்ற மரத்தடியிலை வைச்சா என்ன?"

"ஐயோ, சிவ சிவா! தெய்வத்தைக் கண்டபடி தூக்குறதோ, தம்பி? கிணறு போனாலும் போகட்டும்."

போகட்டும் என்று சொல்லும்போதே அவள் குரல் உடைந்தது. றவூப்புக்குத் தன் நாக்கைக் கடித்துக்கொள்ள வேண்டும் போலிருந்தது. பார்வையைத் திருப்ப வழி தெரியாமல் பிள்ளையாரையே உற்றுப் பார்த்தான். பார்த்தவன் குந்தி இருந்து இன்னும் கிட்டப் பார்த்தான்.

"அண்ணை, பிழையா எடுக்காதேங்கோ. நான் பள்ளிவாசலுக்குப் போறவன், எனக்கு இது தெரியாது. இவருக்கு அடியிலை சுத்திவரக் கறுப்பா என்ன பூசியிருக்கு? சைக்கிள் ரியூப்புக்கு ஒட்டுப் போட்ட மாதிரி?"

இராசேஸ்வரி அழுகைக்குள்ளும் சிரித்தாள். "அது மருந்து, தம்பி. பிரதிட்டை செய்யேக்கை ஐயர்மார் சாத்துறது, சிலை அசையாமல் இருக்க. எல்லாக் கோயில் பிள்ளையாருக்கும் இருக்கும்."

"கோயில் பிள்ளையாருக்குச் சரி. இவர் கோச்சிப் பிள்ளையாரெல்லோ?"

சிற்றம்பலம் குடையை மடக்கினார். வன்னி வெயிலில் அந்த மனிதர் குடையை மடக்கினால் மூளையைத் திறக்கிறார் என்று அர்த்தம். குனிந்து அந்தக் கறுப்புப் பூச்சில் நகத்தை அழுத்தினார். நகம் உள்ளே இறங்கியது.

"றவூப், ரெண்டு மாசமா நானும் தங்கச்சியும் ஊர்ச் சனமும் இதைப் பாத்துக்கொண்டு நிண்டனாங்கள். பிள்ளையாரெண்டா மருந்து இருக்கும்தானே எண்டு ஒருத்தரும் யோசிக்கேல்லை. பூசாரி இல்லை, பூசை இல்லை எண்டு துரை எழுதியிருக்கிறான். கூலியாள் சிலிப்பர் கட்டையிலை தூக்கி வைச்ச பிள்ளையாருக்கு மருந்து சாத்தினது ஆர்? அதுவும் இன்னும் காயாத மருந்து!"

"இவரை வேறை இடத்திலையிருந்து கொண்டு வந்திருக்கினம்!" என்றாள் இராசேஸ்வரி.

"கொண்டு வந்தவர் தவராசாதான். காணி களவெடுக்கப் பயமில்லாத மனிசன், பிள்ளையாரை முறை தப்பித் தூக்கப் பயந்திட்டார். ஐயர் வைச்சு, நாள் பாத்து, மந்திரம் சொல்லிச் செய்திருக்கிறார்."

"களவுக்கு முகூர்த்தம் பாத்த முதல் கள்ளன்" என்றான் றவூப். "அப்ப அந்த ஐயரைப் பிடிச்சா வேலை முடிஞ்சுது. இந்த றோட்டிலை எந்த ஐயர் எந்தத் தரிப்பிலை ஏறுவார், ஆர் யன்னல் கரைக்குச் சண்டை பிடிப்பார் எல்லாம் எனக்குப் பாடம். பிரதிட்டை செய்யத் தெரிஞ்சவர் பரந்தன் நடராசக் குருக்கள் ஒருத்தர்தான். ஏறுங்கோ சைக்கிள்ளை!"

பரந்தனுக்கு எட்டு மைல். ஆவணி மாதத்துச் சோளகக் காற்று எதிரே நின்று நெஞ்சில் கை வைத்துத் தள்ளியது. பின்னால் இருந்த சிற்றம்பலம் வெயிலுக்குக் குடையை விரித்தார். சைக்கிள் நின்றே விட்டது.

"அண்ணை, நாங்கள் பரந்தனுக்குப் போறமோ, பாய் விரிச்சு முல்லைத்தீவுக்குப் போறமோ?"

"வெயில் தலைக்கு ஏறினால் யோசிக்க ஏலாது, றவூப்."

"மூச்சு வாங்கினால் மிதிக்க ஏலாது, அண்ணை."

குடை மடங்கியது. முரசுமோட்டை வயல்களில் நெல் அரிவி வெட்டிக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்து பார்த்துச் சிரித்தார்கள். பதினொன்றரைக்கு இருவரும் பரந்தன் கோயில் வாசலில் இறங்கியபோது, நடராசக் குருக்கள் பூசை முடித்து வீபூதித் தட்டோடு வெளியே வந்தார். சிற்றம்பலம் ஒரு பொய்யும் சொல்லவில்லை. மில்லடிப் பிள்ளையாருக்கு மருந்து சாத்தினது நீங்களா என்று நேரே கேட்டார்.

குருக்கள் முகம் மலர்ந்துவிட்டது. "ஓம், நான்தான்! ஆனி மாசம் உத்தரத்திலை செய்தது. தவராசா முதலாளிக்கு என்ன பக்தி எண்டு நினைக்கிறியள்! பிள்ளையாரை ஆனை வந்து உரஞ்சுது, பாதுகாப்பான இடத்துக்கு மாத்த வேணும் எண்டு அழாக்குறையாக் கேட்டவர். தெய்வத்தைச் சும்மா தூக்கேலாது. முதல் இருந்த இடத்திலை கும்பம் வைச்சு, அதிலை எழுந்தருளப் பண்ணி, பிறகு புது இடத்திலை பிரதிட்டை செய்தனான். ஒரு குறை விடேல்லை."

"பழைய இடம், புது இடம் ரெண்டிலும் நீங்கள் நிண்டனீங்கள்?"

"நிக்காமல்?"

றவூப்புக்குக் கோயில் வாசல் என்றும் பாராமல் துள்ள வேண்டும் போலிருந்தது. விஷயத்தைக் கேட்ட குருக்களுக்கோ முகம் சுருங்கிவிட்டது. தன் மந்திரத்தை வைத்து ஒருத்தியின் கிணற்றைப் பறிக்கிறார்கள் என்றதை அவரால் தாங்க முடியவில்லை. மத்தியானச் சாப்பாட்டையும் விட்டுவிட்டு, சால்வையை உதறிப் போட்டுக்கொண்டு, "நடவுங்கோ" என்றார்.

பஸ் மூன்று மணிக்குத்தான் வந்தது. பழைய சிநேகிதத்தில் றவூப் சைக்கிளைக் கூரையில் ஏற்றினான். குருக்களுக்கு யன்னல் கரை பிடித்துக் கொடுத்தான். பழக்கதோஷத்தில் ஒவ்வொரு தரிப்பிலும் "இறங்கு, இறங்கு" என்று கத்தி, உண்மையான கொண்டக்டரிடம் பேச்சும் வாங்கினான். சந்தோஷம் அவனை இருக்க விடவில்லை.

மில்லடியில் இவர்கள் இறங்க, நாலு மணிக்குப் பத்து நிமிடம் இருந்தது. கிழக்குப் பாலை மரத்தடியில் கதிரை போட்டுக் காணி அதிகாரி செல்வநாயகம் உட்கார்ந்திருந்தார். மெலிந்த மனிதர். மாலைக் கோச்சியைப் பிடிக்க வேண்டும் என்று அடிக்கடி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். கிணற்றில் தண்ணீர் எடுக்கிற பெண்கள் குடமும் கையுமாகச் சற்றுத் தள்ளிக் கூடி நின்றார்கள். அவர்களோடு இராசேஸ்வரியும் வீரகத்தியும் நின்றார்கள்.

கிறீச், கிறீச் என்று ஒரு சத்தம் கேட்டது. தவராசா முதலாளி வந்தார். வெள்ளை வேட்டி, பட்டை வீபூதி, கொழும்பில் வாங்கிய புதுத் தோல் செருப்பு. பிள்ளையாருக்குக் கிட்ட வந்ததும் செருப்பைக் கழற்றி வைத்து, மூன்று முறை குட்டிக்கொண்டு கும்பிட்டார். குருக்களைக் கண்டதும் முகம் ஒரு கணம் வெளிறியது. பிறகு பழையபடி சிரித்தார்.

சிற்றம்பலம் சுருக்கமாகப் பேசினார். நாட்குறிப்பை வாசித்தார், மருந்தைக் காட்டினார், குருக்களை முன்னுக்கு விட்டார். பிள்ளையாரை மாற்றி வைத்தது தான்தான், மாற்றுவித்தது தவராசாதான் என்று குருக்கள் கணீரென்று சொன்னார். கூடி நின்ற பெண்கள் வாயில் கை வைத்தார்கள். முடிந்தது வேலை என்று றவூப் நினைத்தான்.

"ஓம், ஐயா. நான்தான் மாத்தினனான்" என்றார் தவராசா, ஒரு பதற்றமும் இல்லாமல். "நல்ல காரியத்தை ஏன் தம்பட்டம் அடிப்பான் எண்டு சொல்லேல்லை. பிள்ளையார் முந்தி இருந்தது அந்தா, இன்னும் கிழக்கை, அந்தப் பத்தைக்குள்ளை. அங்கையும் ஒரு பாலை நிண்டது. தறிச்சு மில் அடுப்பிலை எரிச்சாச்சு. ஆனையாலை உரஞ்சுப்படுகிறாரே எண்டு பாவப்பட்டு நூறு யார் மேற்காலை கொண்டு வந்தனான். அப்ப பாதை இன்னும் கிழக்காலைதான் போயிருக்கு. உண்மையைப் பாத்தா, இவையின்ரை கிணறு மட்டுமில்லை, வீடும் என்ரை காணிக்குள்ளைதான்."

பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காய் முடிந்தது. கிணற்றைக் காப்பாற்றக் கொண்டு வந்த சாட்சி, வீட்டையும் சேர்த்துக் கொடுத்துவிட்டது. வீரகத்தி அப்படியே நிலத்தில் குந்திவிட்டான். இராசேஸ்வரி றவூப்பைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபம் இருந்திருந்தால்கூட அவனுக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

அதிகாரி குருக்களைக் கேட்டார். "பழைய இடம் எது, ஐயா?"

குருக்கள் நாலு பக்கமும் சுற்றிப் பார்த்தார். வியர்வை வழிந்தது. "அண்டைக்கு எல்லாம் அடர் காடு. கூடாரம் போட்ட வண்டிலிலை கூட்டிக்கொண்டு போச்சினம், வண்டில் சுத்திச் சுத்திப் போச்சுது. ஒரு பாலை மரத்தடி, அவ்வளவுதான் தெரியும். இப்ப பாதி வெளியாப் போச்சு. நான் பொய் சொல்ல மாட்டன். எனக்குத் திசை தெரியேல்லை."

அதிகாரி பேனையைத் திறந்தார்.

"ஐயா, ஒரு வேண்டுகோள்" என்றார் சிற்றம்பலம். "எழுத முந்தி மேற்குப் பாலையையும் ஒருக்காப் போய்ப் பாப்பம். நாளைக்கு ஒருத்தரும் ஒரு பக்கம்தான் பாத்ததெண்டு சொல்லக்கூடாது."

அதிகாரிக்கு விருப்பமில்லை. ஆனாலும் எழுந்தார். எல்லோரும் மேற்கே நடந்தார்கள். சிற்றம்பலம் றவூப்பின் காதோடு சொன்னார்: "முதலாளியின்ரை முகத்தைப் பாராதையும். காலைப் பாரும்."

"முகத்திலையே ஒண்டும் தெரியேல்லை, காலிலை என்ன தெரியும், அண்ணை?"

"நாயன்மாரைப்போல நடிக்கலாம், றவூப். ஆனா இந்த மனிசன் நடிக்கேல்லை, மெய்யாவே பயப்பிடுறார். அதுதான் எங்களுக்கு மிஞ்சியிருக்கிற ஒரே சாட்சி."

பிறகு சிற்றம்பலம் தவராசாவோடு சேர்ந்து நடந்தார். மில்லுக்குப் புதிய எஞ்சின் வந்ததாமே, எங்கே செய்தது, எத்தனை குதிரை வலு என்று ஒவ்வொன்றாய்க் கேட்டார். தன் எஞ்சினைப் பற்றிக் கேட்டால் மில்காரனுக்கு வாய் நிற்குமா? தவராசா கையை விரித்து விரித்து விளக்கினார். கிறீச், கிறீச். கிணற்றைத் தாண்டினார்கள். கிறீச், கிறீச். வெட்டிய காட்டின் அடிக்கட்டைகளையும் முள்ளையும் தாண்டினார்கள். இன்னும் முப்பது அடியில் மேற்குப் பாலை மரம். பஸ்ஸில் எந்தச் சில்லு எந்தச் சத்தம் போடும் என்று ஏழு வருடம் கேட்டுப் பழகிய காது றவூப்பினது. திடீரென்று அந்தக் கிறீச் நின்றுவிட்டதை அவன் காது முதலில் பிடித்தது.

அவன் குனிந்து பார்த்தான். இரண்டு செருப்பும் நிலத்தில் அருகருகே ஒழுங்காக இருந்தன. தவராசா வெறுங்காலோடு, "பதினெட்டுக் குதிரை வலு, ஐயா, பதினெட்டு!" என்று சொல்லிக்கொண்டே, மரத்தடியை நேரே கடக்காமல் வலம் சுற்றி நடந்துகொண்டிருந்தார். வாயைக் காவல் காத்த மனிதர் காலுக்குக் காவல் வைக்கவில்லை. யானைக்கும் அடி சறுக்கும்.

"முதலாளி!" என்று கத்தினான் றவூப். "ஏன் செருப்பைக் கழட்டினீங்கள்?"

தவராசா தன் காலைப் பார்த்தார். வேறு யாருடைய காலையோ பார்ப்பது போலிருந்தது. "அது… முள்ளு…"

"முள்ளுக்கு எல்லாரும் செருப்பைப் போடுவினம். நீங்கள் கழட்டுறியளோ?"

கூடி வந்த பெண்களில் ஒருத்தி களுக்கென்று சிரித்தாள். குருக்கள் மட்டும் சிரிக்கவில்லை. மரத்தையும், அந்த இரண்டு செருப்பையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு மெதுவாக அதிகாரியிடம் வந்தார்.

"ஐயா, தெய்வம் இருந்த இடம். ஒரு வருசத்துக்கு அதை மிதிக்கப்படாது, கிட்டப் போறதெண்டாலும் செருப்போடை போகப்படாது எண்டு நான்தான் முதலாளிக்குச் சொன்னனான். வேறை ஒருத்தருக்கும் சொல்லேல்லை."

சிற்றம்பலம் தவராசாவைப் பார்த்துக் கேட்டார், குரலில் துளி நக்கலும் இல்லாமல்: "முதலாளி, பிள்ளையார் இஞ்சை இருக்கேல்லையெண்டா, இப்ப செருப்பைப் போட்டுக்கொண்டு இந்த மரத்தடிக்குக் குறுக்காலை ஒருக்கா நடவுங்கோ. வழக்கை நாங்கள் விட்டிடுறம்."

தவராசா செருப்பைப் பார்த்தார், மரத்தடியைப் பார்த்தார். கிணறும் வீடும் நாலு அடிக்குள் கிடந்தன. ஒரு கால் முன்னுக்கு வந்தது, திரும்பப் பின்னுக்குப் போனது. கடைசியில் இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டு, "ஏலாது, ஐயா" என்றார்.

குருக்கள் அனுமதி கேட்டுக் கும்பிட்டு, பிள்ளையார் இருந்த இடத்துக்கு மேற்கே ஆறடியை அளந்து கொடுத்தார். யாரோ கொண்டு வந்த மண்வெட்டியை வீரகத்தி பிடுங்காத குறையாக வாங்கிக் கொத்தினான். ஒரு சாண் ஆழத்தில் மண் கறுத்தது. சாம்பலும் விறகுக் கரியும் கட்டி கட்டியாக வந்தன. தினம் தினம் நின்ற எஞ்சின் ஒன்பது வருடமாகக் கொட்டிய அடுப்புக் கரி அது. அதற்கும் கீழே டங்கென்று மண்வெட்டி மோதியது. விரல் தடிப்பில், தலை வளைந்த ஒரு தண்டவாள ஆணி. சிற்றம்பலம் அதைத் துடைத்துக் கையில் ஏந்தியபோது அவர் கண் கலங்கியிருந்தது.

அதிகாரி மாலைக் கோச்சியை மறந்துவிட்டார். அங்கேயே அடிக்கட்டையில் உட்கார்ந்து எழுதினார்: பாதை மேற்குப் பாலை மரத்தடியால் போகிறது, கிணறும் வீடும் இராசேஸ்வரியின் காணிக்குள். பொய்ப் பெட்டிசத்துக்குத் தவராசா அலுவலகத்துக்கு வந்து பதில் சொல்ல வேண்டும். பிள்ளையாரை அவர் இருந்த இடத்திலேயே திரும்ப வைக்க வேண்டும், முறைப்படி, தவராசாவின் செலவில்.

"இந்த முறை கூடாரம் போடாத வண்டில் அனுப்புங்கோ, முதலாளி" என்றார் குருக்கள்.

எல்லோரும் கிணற்றடிக்குத் திரும்பினார்கள். பெண்கள் குடங்களை வைத்துவிட்டு இராசேஸ்வரியைக் கட்டிப் பிடித்தார்கள். அவள் அழுதாள், சிரித்தாள், மூக்கைச் சிந்தினாள். றவூப் ஒரு பகிடி தேடினான், ஒன்றும் அகப்படவில்லை.

தவராசா எல்லோருக்கும் கடைசியாக, வெறுங்காலோடு, செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு வந்தார். கிணற்றைப் பாராமல் ஒதுங்கிப் போகப் பார்த்தார். வெயிலிலும் வெட்கத்திலும் அவர் உதடு காய்ந்து வெடித்திருந்தது. இராசேஸ்வரி அதைக் கண்டாள். வாளியை இறக்கினாள், இழுத்தாள், வழியை மறித்து நின்றாள்.

"கையை ஏந்துங்கோ."

அவர் செருப்பைக் கீழே போட்டுவிட்டு இரண்டு கையையும் சேர்த்து ஏந்தினார். அவள் ஊற்றினாள். அவர் குடித்தார். மறுபடியும் ஏந்தினார், மறுபடியும் ஊற்றினாள்.

"பிள்ளை, என்னிலை கோவம் இல்லையோ?" என்று கேட்டார்.

"ஏன் இல்லை? வயிறு எரியுது" என்றாள் இராசேஸ்வரி. "அதுக்காக தாகத்தோடை ஒருத்தரையும் அனுப்ப மாட்டன். இது என்ரை கிணறு."

இரண்டு மாதமாக அவள் வாயில் வராத சொல் அது. சொல்லிவிட்டு வெறும் வாளியை அவரிடமே நீட்டினாள். பின்னால் முப்பது குடும்பத்துக் குடங்கள் வரிசையில் நின்றன. தவராசா முதலாளி வாளியை வாங்கிக் கிணற்றுக்குள் விட்டு, முதல் குடத்துக்குத் தண்ணீர் அள்ளத் தொடங்கினார்.